பழைய ரோல்-பிளேயிங் வீடியோ கேம் ‘கிளாசிக்’ ஆவது எப்படி? கூத்துப் பார்த்தவர்களுக்குப் பாதி விடை ஏற்கெனவே தெரியும்!

ஓசூரை ஒட்டிய டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஐபோனுக்கான பாகங்கள் தயாராகின்றன. 2024 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனம் தனது ஆப் ஸ்டோர் விதிகளைத் தளர்த்தி, பழைய கன்சோல் கேம்களை ஓட்டும் ‘எமுலேட்டர்’ செயலிகளை அனுமதித்தது. அனுமதி கிடைத்த கையோடு உலகம் முழுக்கப் பலர் தேடிப் போனது புதுசா வந்த கேம்களை அல்ல. 25, 30 வருஷத்துக்கு முன்பு வந்த, கட்டம் கட்டமாகத் தெரியும் படங்கள் கொண்ட கேம்களை.

அதிலும் ரோல்-பிளேயிங் கேம்களுக்குத் தனி மவுசு உண்டு. ஒன்றை முடிக்கவே 30, 40 மணி நேரம் ஆகும். பக்கம் பக்கமாகப் படிக்க வேண்டியிருக்கும். கதையும் முடிவும் இணையத்தில் எப்போதோ வந்துவிட்டன. ‘அதான் தெரிஞ்ச கதையாச்சே, திரும்ப எதுக்கு?’ என்று கேட்கத் தோன்றும். கிளாசிக் என்ற சொல்லுக்கான பொருளே இந்தக் கேள்விக்கான பதிலில்தான் இருக்கிறது.

ரோல்-பிளேயிங் கேம் என்றால் என்ன?

இந்த வகை கேம் கணினியில் பிறந்ததல்ல. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகியோர் உருவாக்கிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற மேசை விளையாட்டுதான் இதற்குத் தாய். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொள்வார்கள். ஒருவர் கதையை நடத்துவார். ‘நான் கதவைத் திறக்கிறேன்’, ‘நான் பேசிப் பார்க்கிறேன்’ என்று மற்றவர்கள் சொல்வார்கள். முயற்சி பலித்ததா இல்லையா என்பதைப் பகடை முடிவு செய்யும்.

அந்தப் பகடை வேலையையும் கதை நடத்தும் வேலையையும் கணினியிடம் கொடுத்தால் கிடைப்பதுதான் ரோல்-பிளேயிங் வீடியோ கேம். மரியோ, கான்ட்ரா போன்ற கேம்களில் வளர்வது ஆடுபவரின் கை வேகம். இதிலோ கதாபாத்திரமே வளரும். சண்டை போட்டால் அனுபவப் புள்ளி கூடும், பலம் ஏறும், புதுத் திறமை வரும். எங்கே போவது, யாரைக் கூட்டிக்கொண்டு போவது, யாரிடம் என்ன பேசுவது என்பதையெல்லாம் ஆடுபவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

‘பழசு’ என்றாலே கிளாசிக்கா?

இல்லை. 1980, 90களில் வந்த பெரும்பாலான கேம்களை இன்று யாரும் நினைப்பதில்லை.

அமெரிக்காவின் ராச்சஸ்டர் நகரில் உள்ள ‘தி ஸ்ட்ராங்’ என்ற விளையாட்டு அருங்காட்சியகம் 2015 முதல் ‘உலக வீடியோ கேம் ஹால் ஆஃப் ஃபேம்’ பட்டியலை வெளியிடுகிறது. அது நான்கு விஷயங்களைப் பார்க்கிறது: பரவலாக அறியப்பட்ட அடையாளமா, காலம் தாண்டி நின்றதா, பல நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்ததா, பின்னால் வந்த கேம்களைப் பாதித்ததா. ரோல்-பிளேயிங் வகையில் ‘போகிமான் ரெட், கிரீன்’ 2017இலும், ‘ஃபைனல் ஃபேன்டஸி 7’ 2018இலும், ‘அல்டிமா’ 2024இலும் இடம்பிடித்தன.

இதில் விற்பனை எண்ணிக்கை தனி அளவுகோலாக இல்லை. ‘எர்த்பவுண்ட்’ 1995இல் அமெரிக்காவில் வெளியானபோது சரியாகப் போகவில்லை. 1999இல் வந்த ‘பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்’ கேமும் பெரிய வசூல் பார்க்கவில்லை. இன்று இந்த வகையின் சிறந்த படைப்புகளைப் பட்டியல் போடுபவர்கள் இந்த இரண்டையும் விடுவதில்லை. வெளியான வாரத்தில் கிடைப்பது ‘ஹிட்’ என்ற பெயர்தான். கிளாசிக் என்ற பெயர் கிடைக்க 10, 20 வருஷமாவது ஆகும்.

முடிவு தெரிந்தும் ஏன் ஆடுகிறார்கள்?

இதற்குக் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. திரௌபதி அம்மன் கோயில்களில் நடக்கும் மகாபாரத விழாவில் பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் விடிய விடியத் தெருக்கூத்து. அர்ச்சுனன் தபசு அன்று கூட்டம் அலைமோதும். கடைசியில் பெரிய மண் உருவமாகக் கிடக்கும் துரியோதனன் படுகளம். அவன் சாகப்போவது அங்கே கூடியிருக்கும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் அடுத்த விழாவுக்கும் ஜனம் வரும். ‘என்ன நடக்கும்’ என்பதற்காக அல்ல, ‘எப்படி நடக்கும்’ என்பதற்காக.

1997இல் வந்த ‘ஃபைனல் ஃபேன்டஸி 7’ இதே சோதனையைத் தாண்டிய கேம். கதையின் நடுவிலேயே ஏரித் என்ற முக்கியப் பெண் பாத்திரம் கொல்லப்படுகிறாள். ஆடுபவர் பல மணி நேரம் செலவழித்து வளர்த்த கூட்டாளி, திரும்பி வரவே மாட்டாள். ‘அவளை உயிர்ப்பிக்க ரகசிய வழி இருக்காம்’ என்ற வதந்தி அப்போது ரசிகர்களிடையே பரவியது. அப்படி ஒரு வழியே கிடையாது.

சினிமாவில் ஒரு பாத்திரம் இறந்தால் பார்வையாளர் அழுவார். இங்கே ஆடுபவரின் அணியிலேயே ஓர் இடம் காலியாகிவிடுகிறது. அடுத்த சண்டையில் அவள் செய்யும் சிகிச்சை இல்லை. இழப்பு கதையோடு நிற்காமல் ஆட்டத்துக்குள்ளும் தெரிகிறது. அதனால்தான் முடிவு தெரிந்த பிறகும் அந்தக் காட்சி பலருக்குக் கனக்கிறது.

ஆடுபவர் செய்ததை கேம் ஞாபகம் வைத்திருக்கிறதா?

காலம் தாண்டி நின்ற பல ரோல்-பிளேயிங் கேம்களில் தென்படும் பொதுவான குணம் இது. மூன்று உதாரணங்கள்:

*க்ரோனோ ட்ரிக்கர், 1995:* கதை ஒரு திருவிழாவில் தொடங்கும். மேசையில் யாருடைய சாப்பாடோ இருக்கும், எடுத்துச் சாப்பிடலாம். ஒரு சிறுமி தொலைத்த பூனையைத் தேடிக் கொண்டுவந்து கொடுக்கலாம். சும்மா பொழுதுபோக்கு என்று நினைத்துத்தான் செய்வோம். கொஞ்ச நேரம் கழித்து நாயகனை நீதிமன்றத்தில் நிறுத்துவார்கள். அங்கே அந்தச் சாப்பாடும் பூனையும் சாட்சியாக வந்து நிற்கும்! தீர்ப்பு எதுவானாலும் அடுத்து நடக்கும் கதை பெரிதாக மாறுவதில்லை. ஆனால் ‘யாரும் பார்க்கவில்லை’ என்று நினைத்தவருக்கு அங்கே ஒரு குட்டு விழுகிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஊரிலும் அவர் கொஞ்சம் யோசித்துத்தான் நடப்பார்.

*அல்டிமா 4, 1985:* ரிச்சர்ட் கேரியட் உருவாக்கிய இந்த கேமில் கடைசியாக வீழ்த்த வேண்டிய வில்லனே கிடையாது. நேர்மை, கருணை, வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்ற எட்டு நற்குணங்களையும் அடைந்து ‘அவதார்’ ஆவதுதான் இலக்கு. மந்திரப் பொருள் விற்கும் கடைக்காரருக்குக் கண் தெரியாது. எவ்வளவு காசு கொடுப்பது என்பது ஆடுபவர் கையில். குறைத்துக் கொடுத்தால் யாரும் பிடிக்க மாட்டார்கள். உள்ளே நற்குணக் கணக்கு மட்டும் சத்தமில்லாமல் இறங்கிவிடும். அந்தக் கணக்கு திரையில் தெரியாது. அரண்மனையில் இருக்கும் ஞானியிடம் போய்க் கேட்டால்தான் நிலவரம் புரியும். திரையில் ஆடுபவரைக் குறிக்கும் உருவத்தை இன்று உலகமே ‘அவதார்’ என்று சொல்கிறது. அவதாரம் என்ற நம்ம ஊர்ச் சொல்லை கேம் உலகத்தில் பரப்பியதில் இந்த கேமுக்குப் பெரிய பங்கு உண்டு.

*ஃபால்அவுட், 1997:* அணு ஆயுதப் போருக்குப் பிந்தைய உலகம். வில்லன் ‘மாஸ்டர்’ மனிதர்களை வேறோர் இனமாக மாற்றத் திட்டமிடுகிறான். அவனைச் சண்டை போட்டு வீழ்த்தலாம். இல்லையென்றால், அந்தப் புது இனத்தால் பிள்ளை பெற முடியாது என்ற ஆதாரத்தைத் தேடிக் கொண்டுவந்து அவன் முன்னால் வைக்கலாம். தன் திட்டமே வீண் என்று உணர்ந்து அவன் தன்னையே அழித்துக்கொள்வான். துப்பாக்கியைத் தூக்காமலே வில்லனை ஜெயிக்கும் இந்த வழி, பேச்சும் ஓர் ஆயுதம்தான் என்று பின்னால் வந்த கேம்களுக்குப் பாடம் சொன்னது.

தொழில்நுட்பம் குறைவாக இருந்தது பலவீனமா, பலமா?

இரண்டும்தான். 1996இல் ஜப்பானில் வெளியான போகிமான், கையடக்க கேம் பாய் கருவிக்காகச் செய்யப்பட்டது. திரையில் நாலு நிறச் சாயல் மட்டுமே. சின்ன வயதில் பூச்சி பிடித்துச் சேர்த்த அனுபவத்திலிருந்து சடோஷி தஜிரிக்கு அந்த யோசனை வந்தது. 151 உயிரினங்களையும் ஒருவர் தனியாகச் சேர்த்துவிட முடியாதபடி அவர் அதை அமைத்தார். ஒரே கேமின் இரண்டு பதிப்புகள். ஒன்றில் கிடைக்காதது இன்னொன்றில் கிடைக்கும். இன்னொரு பையனைத் தேடிப் போய், இரண்டு கருவியையும் கேபிளால் இணைத்து மாற்றிக்கொள்ள வேண்டும். கருவியில் இருந்த எளிய கேபிள் வசதி, பக்கத்து வீட்டுப் பையனோடு நட்புப் பிடிக்க வழியானது. நம்ம ஊரில் போகிமானை கார்ட்டூனாகப் பார்த்து வளர்ந்த பலருக்கு, அது முதலில் ஒரு ரோல்-பிளேயிங் கேம் என்பதே தெரியாது.

பழைய கேம்களில் சலிப்பு தரும் விஷயங்களும் நிறைய. பத்து அடி நடப்பதற்குள் ஒரு சண்டை. பலம் ஏறுவதற்காகவே ஒரே எதிரியைத் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும். அடுத்து எங்கே போவது என்று எவரும் சொல்ல மாட்டார்கள். இதையெல்லாம் ‘அந்தக் காலத்துல எல்லாம் அப்படித்தான், அதுதான் சுகம்’ என்று சொல்வது பழைய நினைவின் பாசம். சிறு வயதில் அந்த கேமைத் தொடாத 20 வயதுக்காரர் இன்று முதன்முதலாக எடுத்து, இத்தனை சலிப்பையும் தாண்டி கடைசிவரை ஆடினால் அது கிளாசிக். அன்று ஆடியவர் மட்டுமே இன்றும் ஆடினால் அது வெறும் நினைவு.

நம்ம ஊர் 90ஸ் கிட்ஸுக்கு இவை ஏன் தெரியவில்லை?

தமிழ்நாட்டில் 90களில் டிவியில் மாட்டி ஆடிய பெரும்பாலான பெட்டிகள், நின்டெண்டோவின் ஃபேமிகாம் கன்சோலைப் பார்த்துச் செய்த மலிவு விலை நகல்கள். மீடியா, லிட்டில் மாஸ்டர் போன்ற பெயர்களில் விற்றன. ‘9999 இன் 1’ என்று எழுதிய கேசட்டைப் போட்டால் மரியோ, கான்ட்ரா, டாங்க் சண்டை என்று வரும். ஜப்பானில் அதே ஃபேமிகாமில் 1986இல் ‘டிராகன் குவெஸ்ட்’, 1987இல் ‘ஃபைனல் ஃபேன்டஸி’ வந்து பிள்ளைகளைக் கட்டிப்போட்டிருந்தன. இங்கே வந்த கேசட்டுகளில் அவை பொதுவாக இருக்காது. ஏன்?

முதல் காரணம், ஒரு பேட்டரி. 30 மணி நேர கேமை ஒரே நாளில் முடிக்க முடியாது. விட்ட இடத்தைச் சேமிக்க கேசட்டுக்குள் சின்ன பேட்டரியும் நினைவகச் சிப்பும் தேவை. ‘ஃபைனல் ஃபேன்டஸி’ கேசட்டில் அது இருந்தது. முதல் ‘டிராகன் குவெஸ்ட்’ ஜப்பானில் வந்தபோது அந்த வசதி இல்லாததால், திரையில் வரும் கடவுச்சொல்லைப் பிள்ளைகள் நோட்டில் எழுதி வைத்தார்கள். மலிவு நகல் கேசட்டுகளில் பேட்டரி வைப்பது வழக்கமில்லை. கரண்ட் போனால் ஆட்டமும் போச்சு!

இரண்டாவது காரணம், மொழி. கான்ட்ரா ஆட எழுத்துத் தெரிய வேண்டாம். ரோல்-பிளேயிங் கேமில் எழுத்துத் தெரியாவிட்டால் ஊரை விட்டே வெளியே போக முடியாது. ‘பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்’ கேமில் இருக்கும் எழுத்து சுமார் 8 லட்சம் சொற்கள் என்று சொல்லப்படுகிறது, பல நாவல்களுக்குச் சமம். அவ்வளவும் ஆங்கிலம்.

ஓசூரில் ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கேட்கும். ஆலைக்கு வேலைக்கு வந்த வடமாநில இளைஞர்களின் இந்தியும் இப்போது சேர்ந்திருக்கிறது. ஆனால் மேலே சொன்ன பழைய கேம்கள் எதற்கும் அதிகாரபூர்வத் தமிழ்ப் பதிப்பு இல்லை. ‘பல நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்ததா’ என்று அருங்காட்சியகம் கேட்கும் கேள்வியை இங்கிருந்து பார்த்தால், விடை வேறு மாதிரிதான் வரும்.

கிளாசிக் ஆன கேம் காணாமல் போகுமா?

போகும். போய்க்கொண்டும் இருக்கிறது. அமெரிக்காவின் ‘வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன்’ 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டில் 2010க்கு முன் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கக் கிடைக்காதவை. அதே ஆண்டு மார்ச் 27 அன்று நின்டெண்டோ, ‘3டிஎஸ்’, ‘வீ யூ’ கருவிகளுக்கான ஆன்லைன் கடையை மூடியது. அங்கே மட்டுமே கிடைத்த கேம்களைப் புதிதாக வாங்கும் வழி அத்தோடு அடைபட்டது. பழைய போகிமான் கேசட்டுகளுக்குள் இருக்கும் பேட்டரி தீர்ந்தால், சேமித்து வைத்த ஆட்டம் மொத்தமும் அழிந்துவிடும்.

‘ரொம்பப் பழசுதானே, இலவசமா டவுன்லோடு பண்ணிக்கலாமே?’ என்றால், சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இந்தியாவின் 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலையும் ‘இலக்கியப் படைப்பு’ என்ற வகையில் வைக்கிறது. அதன் உரிமை பல பத்தாண்டுகள் நீடிக்கும். எமுலேட்டர் செயலியைப் போனில் வைத்திருப்பது வேறு. உரிமையாளரின் அனுமதியில்லாத கேம் கோப்பை இறக்கி அதில் ஓட்டுவது வேறு. ஒரு கேம் கடையிலும் கிடைக்காமல், நகலெடுக்கவும் வழியில்லாமல் போகும்போதுதான் சிக்கல். அதைக் காப்பாற்ற நினைப்பவர்களுக்கும் உரிமையாளர்களுக்கும் இடையே இன்று நடக்கும் வாதமே இதுதான்.

ரீமேக் செய்தால் அது பழைய கேம்தானா?

இதற்கும் ஓசூர்ப் பக்கமே ஓர் உதாரணம் சொல்லலாம். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜி, பாரதக் கதையை ‘வியாசர் விருந்து’ என்ற பெயரில் எளிய தமிழில் எழுதினார். ராமாயணத்தைச் சொல்லும் அவருடைய ‘சக்கரவர்த்தித் திருமகன்’ நூலுக்கு 1958இல் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. மூல நூலைப் படிக்க முடியாத லட்சக்கணக்கானோருக்கு அந்தக் கதைகள் அப்படித்தான் போய்ச் சேர்ந்தன. அதற்காக மூலம் மதிப்பிழந்துவிடவில்லை.

கேம்களிலும் அதே கதைதான். ‘ஃபைனல் ஃபேன்டஸி 7’ புது வடிவில் 2020இல் ‘ரீமேக்’ ஆகவும், 2024இல் ‘ரீபர்த்’ ஆகவும் வந்தது. புதியதைப் பார்த்தவர்கள் பழையதைத் தேடிப் போக, மூல கேமும் கடையில் இருக்க வேண்டும். புதுசு வந்ததும் பழசைக் கடையிலிருந்து எடுத்துவிட்டால், ஒப்பிட்டுப் பார்க்கவே ஆதாரம் இருக்காது.

தமிழில் இப்படி ஒன்று வருமா?

ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கும் பெங்களூருவில்தான் இந்தியாவின் மூத்த கேம் ஸ்டுடியோக்களில் ஒன்றான துருவா இன்டராக்டிவ் 1997இல் தொடங்கியது. 2019இல் அதை ராக்ஸ்டார் நிறுவனம் வாங்கியது. பெரிய வெளிநாட்டு கேம்களுக்கான வேலை இங்கே நடக்கிறது. அவற்றின் கதை வேறு ஊருடையது.

மாற்றம் இல்லாமல் இல்லை. பழங்கால இந்தியாவைக் களமாகக் கொண்ட ‘அன்ரெஸ்ட்’ என்ற ரோல்-பிளேயிங் கேம் 2014இல் வந்தது. கனடாவுக்குக் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதையைச் சமையல் வழியாகச் சொல்லும் ‘வெண்பா’ 2023இல் வெளியாகி, 2024இல் சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருதை வென்றது. அது ரோல்-பிளேயிங் வகை அல்ல. ஆனால் தமிழ் வீட்டுக் கதையை உலகம் ஆடும் என்று காட்டிவிட்டது.

புதிதாகத் தொடங்குபவர் எதை எடுக்கலாம்?

• போன் மட்டும் இருக்கிறதா? ‘க்ரோனோ ட்ரிக்கர்’ ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் அதிகாரபூர்வமாகக் கிடைக்கிறது. முதல் கேமுக்கு நல்ல தேர்வு. பழைய ‘ஃபைனல் ஃபேன்டஸி’ வரிசையில் முதல் ஆறும் ‘பிக்ஸல் ரீமாஸ்டர்’ என்ற பெயரில் போனுக்கு வந்திருக்கின்றன.

• சாதாரண லேப்டாப் இருக்கிறதா? ‘ஃபால்அவுட்’ எந்த லேப்டாப்பையும் திணறடிக்காது. ‘அல்டிமா 4’ கேமை ‘ஜிஓஜி’ தளம் இலவசமாகவே தருகிறது. அதோடு வரும் கையேட்டைப் படிக்காமல் தொடங்க வேண்டாம், வழி புரியாது.

• நாவல் படிக்கும் பழக்கம் இருக்கிறதா? ‘பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்’ புதுப்பித்த பதிப்பு கணினியிலும் போனிலும் உண்டு. அவசரப்படாமல் ஆட வேண்டியது.

முதல் இரண்டு மணி நேரம் மெதுவாகத்தான் போகும். கூத்திலும் அப்படித்தான், கட்டியங்காரன் வந்து பேசிச் சிரிக்கவைத்து முடிப்பதற்குள் ராத்திரி வெகுநேரம் ஆகிவிடும். கதை சூடுபிடிப்பது அதற்கப்புறம்தான்.